கிராமத்துக்கு வேண்டிய வைத்தியர்

2022 ஜனவரியில் அரியலூரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. உடையார்பாளையம் தாலூகா ஜனங்களுக்கு இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கல்லூரி அருகில் வந்துவிட்டதனால் மாத்திரம் கிராமத்துக்கு வைத்தியர் கிடைத்துவிட மாட்டார். அங்கே தேறும் வாலிபர்கள் எவ்வகை வைத்தியத்தில் பழகி வெளிவருகிறார்கள் என்பதே கேள்வி.

பெரிய ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று நிபுணர்கள் இருக்கின்றனர். கிராமத்து வைத்தியரிடம் வருபவனோ பெயரிடப்படாத நோவுடன் வருகிறான். நெஞ்சு எரிகிறது என்பான். அது அஜீரணமாகவும் இருக்கலாம், மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கலாம். எதைத் தாமே தீர்ப்பது, எதை அக்கணமே மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்னும் விவேகமே அவர் கற்க வேண்டிய முதற்பாடம்.

நோயாளியின் பிழைப்பை அறிவது இரண்டாவது பாடம். முந்திரிக்கொட்டை உடைப்பவளின் கையைப் புண்ணாக்குவது அதன் தோட்டு எண்ணெய். தறியில் நாள் முழுதும் குனிந்திருப்பவனை முதுகுவலி வாட்டுகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளியின் இருமலைத் தூசியை விசாரியாமல் தீர்க்க இயலுமா? சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் ஒரே சீட்டில் தீர்வன அல்ல. ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுமை வேண்டும்.

1946இல், டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அங்கம் வகித்த ஸர் ஜோஸப் போர் கமிட்டி, எல்.எம்.பி. படிப்பை நீக்கி, சமுதாய நலத்தில் பயின்ற ஒரே தர வைத்தியரை உருவாக்கச் சொல்லிற்று. எல்.எம்.பி. மறைந்தது. ஆனால் கிராமத்தில் அவர் வகித்த ஸ்தானத்துக்கென்று எவரும் பயிற்றப்படவில்லை. பட்டதாரிகளின் நாட்டமெல்லாம் நிபுணர் படிப்பின் மீதே சென்றது.

பிரிட்டனில் குடும்ப வைத்தியர் ஆவதற்குப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுத் தனிப்பயிற்சி உண்டு. அதில் பெரும்பகுதி அனுபவசாலியான குடும்ப வைத்தியரின் அருகிலேயே கழிகிறது. நம் நாட்டிலும் 2022 முதல் மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துச் சென்று பார்க்க வேண்டுமென்ற விதி ஏற்பட்டிருக்கிறது. நல்ல விதை; ஆனால் சென்று பார்ப்பது வேறு, பொறுப்பேற்றுச் சிகிச்சை செய்வது வேறு.

ஆதலின், கல்லூரிகள்தோறும் குடும்ப வைத்தியத்துக்குத் தனித் துறை வேண்டும். பயிற்சி வைத்தியர் சில வாரங்கள் அல்ல, பல மாதங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தேர்ந்த ஒருவரின் கீழ்ப் பழக வேண்டும். அவ்வாறு கற்பிப்பவருக்கு நிபுணருக்கு நிகரான ஊதியமும் மதிப்பும் அளிக்கப்பட வேண்டும். கிராம சேவையைத் தண்டனையாக எண்ணும் மனப்பான்மை அப்போதுதான் ஒழியும். கட்டடம் எழுப்பிய சர்க்கார் இனி அதனுள் வளரும் வைத்தியரையும் கருதுவார்களாக.