தீயணைப்பு வண்டியின் சாரதி

தீயணைப்பு வண்டி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு வீதியிற் செல்லும்போது நம் கண்கள் அதன் செந்நிறத்தையும், நீண்ட ஏணியையும், தலைக்கவசம் அணிந்த வீரர்களையுமே நாடுகின்றன. அதனைச் செலுத்துபவரைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. நம் இதிகாசங்களோ தேரில் நின்று போர் செய்தவனுக்கு அளித்த மதிப்பைத் தேரைச் செலுத்தியவனுக்கும் அளித்தன. படைக்கலம் எடுப்பதில்லை என்று உறுதி கூறிய கண்ணபிரான் பார்த்தனுக்குச் சாரதியாகவே அமர்ந்தான். இக்காலத்துச் செந்தேரின் சாரதி பெற்றிருக்கவேண்டிய தகுதி யாது? மோட்டார்க் கார் ஓட்டுவதற்குரிய அனுமதிப்பத்திரம் ஒன்றே அவருக்குப் போதுமா? இக்கேள்விக்கு நாடுகள் அளித்துள்ள விடைகள் வெவ்வேறானவை. அவற்றை ஆராய்வது பயனுடையது.

முதலில் வண்டியின் இயல்பை நோக்குவோம். ஒரு லீற்றர் நீரின் நிறை 1 கிலோகிராம் என்பது மாணவர் யாவரும் அறிந்ததே. 1,800 லீற்றர் கொள்ளும் தாங்கியில் நீரின் நிறை மட்டும் ஏறக்குறைய 2 தொன் ஆகின்றது. இதனோடு நீரிறைக்கும் பம்பி, குழாய்கள், ஏணிகள், ஆட்கள் ஆகியவற்றின் நிறையும் சேரும். அன்றியும், நீர் கல்லைப்போல வைத்த இடத்தில் இருக்கும் பொருளன்று. வண்டி திரும்பும்போது அது ஒரு பக்கம் சாயும். தடுப்பை அழுத்தினால் முன்னோக்கிப் பாயும். தாங்கி முழுவதும் நிரம்பியிருப்பதிலும் பாதி நிரம்பியிருக்கும்போதே இவ்வலைவு மிகுதியாகும். இதனைக் குறைப்பதற்காகத் தாங்கியினுள்ளே தடுப்புத் தகடுகளை அமைக்கின்றனர். அவை அலைவைக் குறைக்குமேயன்றி முற்றாக ஒழிப்பதில்லை. கார் ஓட்டிப் பழகிய கைக்கு இஃது அறிமுகமில்லாத அனுபவமாகும்.

இனி, சட்டங்களைக் காண்போம். பிரித்தானியாவில் 1997 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் கார்ச் சோதனையிற் சித்தியடைந்தோர் 7.5 தொன் வரையுள்ள வண்டிகளையும் செலுத்தும் உரிமை பெற்றிருந்தனர். அதன்பின் சித்தியடைந்தோருக்கு அவ்வுரிமை 3.5 தொன்னாகக் குறைக்கப்பட்டது. ஆகவே, வழக்கமான தீயணைப்பு வண்டியைச் செலுத்த விரும்புவோர் மருத்துவப் பரிசோதனைக்கும் தனிச் சோதனைகளுக்கும் உட்பட்டுப் பாரவூர்திக்குரிய அனுமதிப்பத்திரத்தைப் பெறுகின்றனர்.

ஜேர்மனியில் இதனையொத்த மாற்றம் 1999 இல் ஏற்பட்டது. அந்நாட்டின் ஊர்கள் பெரும்பாலும் தொண்டர் படைகளையே நம்பியிருப்பவை. பழைய அனுமதிப்பத்திரம் உடையோர் முதுமையடைய, புதியோர் சட்டப்படி சிறு வண்டிகளுக்கு மட்டுமே உரியோராக இருந்தமையால், வண்டி இருந்தும் செலுத்துவார் இல்லாத நிலை உருவாகத் தொடங்கியது. எனவே, காருக்குரிய அனுமதிப்பத்திரத்தை இரண்டு ஆண்டுகளேனும் வைத்திருக்கும் தொண்டருக்கு அவர் சார்ந்த படையே பயிற்சி அளித்துச் சோதிக்கலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. 2009 இல் 4.75 தொன் வரையும், 2011 இல் 7.5 தொன் வரையும் இவ்வழி திறக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட நிறையுள்ள வண்டிகளுக்குப் பாரவூர்தி அனுமதிப்பத்திரம் இன்றியமையாததாகவே உள்ளது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளோ வேறு வழி சென்றன. அங்கே 1986 ஆம் ஆண்டின் சட்டம் பெருவாகனச் சாரதிகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு தகுதியை வகுத்தது. ஆயினும், தீயணைப்போரை அத்தகுதியினின்று விலக்கிவைக்க மாநிலங்களுக்கு உரிமை அளிக்கப்பட்டுள்ளது. இவ்வுரிமையைப் பயன்படுத்தும் மாநிலத்திலே, சரக்கு லொறி ஓட்டுவோர் பெறவேண்டிய அனுமதிப்பத்திரம் இன்றியே ஒருவர் அதே நிறையுள்ள தீயணைப்பு வண்டியைச் செலுத்தலாம்.

இவ்விலக்கு நியாயமானதா? சிற்றூர் ஒன்றின் தொண்டர் படையைக் கேட்டால், அது நியாயமே என்பர். செலவும் காலமும் மிகுந்த சோதனைகளை வற்புறுத்தினால் தொண்டு செய்ய முன்வருவோர் குறைவர். வீடு எரிய, வண்டி கொட்டகையில் நிற்கும். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால், செலுத்துபவர் ஊதியம் பெறாத தொண்டர் என்பதற்காக வண்டியின் நிறை குறைந்துவிடுமா? தாங்கியில் உள்ள நீர் அலையாதிருக்குமா? அனுமதிப்பத்திரத்தினின்று விலக்கு அளிப்பது ஓர் அரசுக்கு இயலும். இயற்கை விதியினின்று விலக்கு அளிப்பது எவ்வரசுக்கும் இயலாது. ஆதலின், பத்திரத்தைத் தளர்த்தினும் பயிற்சியைத் தளர்த்தல் ஆகாது என்பதே எமது துணிபு.

பயிற்சி என்பது யாது? அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வகுத்த தரத்தின்படி, சாரதி கூம்புகளுக்கிடையே வண்டியை முன்னும் பின்னும் வளைத்துச் செலுத்தவேண்டும். ஒடுங்கிய இடத்திலே திருப்பவேண்டும். குறுகிச் செல்லும் பாதையின் அகலத்தைக் கண்ணால் அளந்தறியவேண்டும். இடத்தை அடைந்ததும் அவர் கடமை முடிவதில்லை. பம்பியை இயக்கி நீரின் அழுத்தத்தைக் காப்பவரும் பெரும்பாலும் அவரே. அழுத்தம் திடீரென மிகுமாயின் குழாயைப் பிடித்திருப்போர் நிலைகுலைவர். நீர் நின்றுவிடுமாயின் தீயினுள் நிற்போர் காப்பின்றித் தவிப்பர். வீதிச் சோதனையில் மட்டும் சித்தியடைந்த ஒருவரிடம் இவையெல்லாவற்றையும் எதிர்பார்க்க இயலாது.

திறமையோடு விவேகமும் வேண்டும் என்பதை லண்டனில் எழுந்த ஒரு வழக்கு காட்டுகின்றது. தீயணைப்பு வண்டியும் சிவப்பு விளக்கில் நிற்கவேண்டும் என்பதே அக்காலத்துச் சட்டம். 1967 இல் லண்டன் தீயணைப்புப் படையில் ஒரு கட்டளை பிறந்தது. விளக்கைக் கடக்கத் துணியும் சாரதி முதலில் வண்டியை நிறுத்தி, ஏனையோர் வழிவிடுவதை உறுதிசெய்த பின்னரே செல்லவேண்டும். பொறுப்பு அவருடையதே என்று அது கூறியது. இக்கட்டளை சட்டத்துக்கு மாறானது என்று சில வீரர்கள் வாதிட்டு, விளக்கை மீறமாட்டேன் என உறுதி கூறாத சாரதியுடன் ஏற மறுத்தனர். 1971 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை நிராகரித்தது. நீதிபதி டெனிங் பிரபு ஓர் உதாரணம் கூறினார். சிவப்பு விளக்குக்கு அப்பால் 200 யார் தூரத்தில் வீடு எரிகின்றது. மாடிச் சாளரத்தில் ஒரு மனிதன் உயிருக்குத் தவிக்கின்றான். வீதியோ வெறுமையாக உள்ளது. சாரதி விளக்கைக் கடந்தால் சட்டப்படி குற்றவாளியே. ஆயினும் அவர் பாராட்டுக்குரியவர் என்பது அவர் கருத்து. பின்னர் விதியே திருத்தப்பட்டது. இன்று அங்கே தீயணைப்பு வண்டிக்குச் சிவப்பு விளக்கு, பிறருக்கு வழிவிட்டுச் செல்க என்னும் குறியாகவே கொள்ளப்படுகின்றது. ஆனால், அவதானமின்றி வண்டி செலுத்தும் குற்றத்தினின்று அவருக்கு விலக்கு இல்லை.

விரைவினால் வரும் இலாபத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 4 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 4 நிமிடத்திலும், 80 கிலோமீற்றர் வேகத்தில் 3 நிமிடத்திலும் கடக்கலாம். இலாபம் ஒரு நிமிடம். தடுப்பை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஆகவே அத்தூரம் 9 பங்கிலிருந்து 16 பங்காகின்றது. ஒரு நிமிடம் ஓர் உயிரைக் காக்கவும் கூடும். ஆனால், நாற்சந்தியில் மோதிய வண்டி தீயை அணைக்கப் போவதில்லை. அதற்கும் உதவிக்கு வேறொரு வண்டி வரவேண்டும். எந்த வீதியில் அந்நிமிடத்தைத் தேடலாம், எந்தச் சந்தியில் அதனை விட்டுவிடவேண்டும் என்று அறிவதே சாரதியின் கல்வி.

ஓட்டத் தெரிந்தவர் என்பதைப் பத்திரம் காட்டும். ஒழுங்கை மீறும் உரிமை பெற்றும் தன்னை அடக்கத் தெரிந்தவர் என்பதைப் பயிற்சியே உண்டாக்கும். அவ்வொலி கேட்டதும் பதறாமல், வண்டியைச் சந்தியின் நடுவே நிறுத்தாமல், ஓரமாக ஒதுங்கி நிற்பது நம் கடமை. பிள்ளைகளுக்கும் இதனைப் பழக்குதல் நன்று. நாம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு விநாடியும் அச்சாரதி வேகத்தினால் வலிந்து தேடவேண்டாத விநாடியாகும்.