காலம் என்னும் ஒரு சொல்லும் ஆங்கிலத்தின் பல சொற்களும்

பிறமொழி கற்பவரை அருஞ்சொற்கள் அத்துணை இடர்ப்படுத்துவதில்லை. ஒன்றுபோல் தோன்றும் எளிய சொற்களே அவரை இடறி விழச்செய்கின்றன. மாணாக்கர் ஒருவர் தாம் எழுதிய வேலை விண்ணப்பத்தை ஒருமுறை நம்மிடம் காட்டினார். சிவகாசி அச்சகம் ஒன்றில் விடுமுறையில் நான்கு மாதம் பணியாற்றியதை, 'நான்கு மாத ஈரா' என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார். அகராதியில் அச்சொல்லுக்குக் 'காலம்' என்று பொருள் இருந்ததாம். நாம் முதலில் நகைத்தோம். பின்னர் எண்ணிப் பார்த்தோம். பிழை அவருடையது மட்டுமன்று. 'காலம்' என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் மூடிவிடும் நம் பழக்கமும் அதில் பங்குடையது.

சங்க காலமும் காலமே; மழைக்காலமும் காலமே; ஒன்றரை மணி நேரமே நீடிக்கும் இராகு காலமும் காலமே. ஆங்கிலமோ இவற்றுக்கு வெவ்வேறு சொற்களை வேண்டி நிற்கிறது. அவற்றின் வேறுபாட்டை உணர நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் வட்டாரத்தில் உள்ளனவே போதும்.

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்துப் பாருங்கள். ஆங்கில நாள், தமிழ் நாள், ஹிஜ்ரி நாள் ஆகியன அதில் அருகருகே இருக்கும்; திருவள்ளுவர் ஆண்டும் சிலவற்றில் இடம்பெறும். ஒரு நிகழ்ச்சியை முதலாக வைத்து அதிலிருந்து ஆண்டுகளை எண்ணிக்கொண்டு போகும் இத்தகைய நெடிய கணக்கே 'ஈரா'. கி.பி. 622 இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்டது ஹிஜ்ரி. கி.பி. 78 இல் தொடங்குவது சக ஆண்டு. நாம் பொதுச்சொல்லாக வழங்கும் 'சகாப்தம்' இச்சக ஆண்டின் பெயரிலிருந்தே விரிந்தது. எண்ணிக்கை எந்தப் புள்ளியில் தொடங்குகிறதோ அப்புள்ளி 'எபோக்'. கிரேக்கத்தில் அதற்கு 'நிறுத்தம்' என்பது மூலப்பொருள். பின்னாளில் அப்புள்ளியைத் தொடரும் காலப்பகுதிக்கும் அச்சொல் ஆகிவந்தது. நிலவியலார் இவற்றை அளவு வரிசையிலேயே அமைத்துள்ளனர்: 'ஈரா' பெரிது, அதனுள் அடங்குவது 'பீரியட்', அதனுள் அடங்குவது 'எபோக்'. நான்கு மாத அச்சக வேலை இவ்வரிசையில் எங்கே நிற்கும்?

'பீரியட்' என்பதற்குக் கிரேக்கத்தில் சுற்றுவழி என்று பொருள். தொடக்கமும் முடிவும் உடைய எந்தக் காலப்பகுதிக்கும் அது பொருந்தும். கல்லூரியில் மணி ஒலித்தால் முடியும் பாடவேளையும் அதுவே. 'டேர்ம்' எல்லையை வற்புறுத்துவது. எல்லைக்கல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. முன்கூட்டியே வரையறுத்து, முடிந்ததும் ஓய்ந்துவிடும் காலம் அது. கடனைக் கட்டுவதற்கு நாம் 'தவணை' என்கிறோமே, ஈழத்தமிழர் பள்ளிப் பருவத்தையே அச்சொல்லால் முதலாம் தவணை, இரண்டாம் தவணை என வழங்குகின்றனர். 'டேர்ம்' என்பதற்கு இதனினும் பொருத்தமான தமிழ் உண்டோ? 'டியூரேஷன்' வெறும் நீளம். எப்போது என்று சொல்லாது, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். 'இன்டர்வெல்' இரண்டுக்கு நடுவே உள்ள வெளி. திரையரங்கில் நாம் இடைவேளை என்கிறோம்.

விருதுநகரில் பிறந்த பெருந்தலைவரையே சான்றாகக் கொள்வோம். 'காமராசர் காலம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த ஆண்டுகளை மட்டும் குறித்தால் 'பீரியட்' போதும். ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் அமைந்த ஆட்சியைக் குறித்தால் 'டேர்ம்'. பள்ளிகள் பெருகி, ஏழைப்பிள்ளைகள் மதிய உணவுண்டு படித்த ஒரு புதிய நிலையின் தொடக்கம் என்று கருதினால் மட்டுமே 'ஈரா' என்னும் சொல்லுக்கு இடமுண்டு. ஆண்டுகள் அவையே; நாம் சொல்லவரும் கருத்தே சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது.

இது தேர்வுத்தாள் அளவில் நின்றுவிடும் செய்தி எனில், நாம் இவ்வளவு வற்புறுத்த மாட்டோம். இந்த மண்ணில் சொல்லின் பிழை கூலியையும் தொடும். 'சீசன்' என்ற சொல்லை நோக்குங்கள். விதைப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே அதன் வேர். ஆண்டுதோறும் மீண்டு வருவது அதன் இயல்பு. நம் ஊர்களில் தீபாவளி விற்பனையை 'சீசன்' என்பது சரியே. ஆனால் பட்டாசு உற்பத்தியோ ஆண்டின் பெரும்பகுதியும் நடைபெறுகிறது. 1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் கூலி என்று வகுத்தது. பருவத்தொழில் நிறுவனத்தில் ஆண்டு முழுதும் பணியில்லாதவர்க்கு ஒரு பருவத்துக்கு 7 நாள் கூலி என்று வகுத்தது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஆண்டு முழுதும் மருந்து இடித்தவரின் தாளில் 'சீசன் வேலை' என்று ஒருவர் கவனமின்றி எழுதினால், அச்சொல் மட்டுமே வழக்கைத் தீர்த்துவிடாது; எனினும் தொழிலாளிக்கு எதிரான சான்றாக அது எழுந்து நிற்கக்கூடும்.

'ஏஜ்' என்பதும் அத்தகையதே. வரலாற்றில் அது ஓர் ஊழி; மனிதனிடத்து அது வயது. குழந்தைப்பருவம், இளமைப்பருவம் என்று நாம் நெகிழ்வாகப் பேசலாம். சட்டம் அவ்வாறு பேசாது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்றது. 2016 ஆம் ஆண்டின் திருத்தம், 14 முதல் 18 வரை உள்ளோரை வளரிளம் பருவத்தினர் எனத் தனியே பிரித்து, இடர்மிகு தொழில்களில் அவர்களை அமர்த்துவதையும் தடைசெய்தது. சிவகாசிச் சிறார் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்த வரலாற்றை அறிந்தோர், இந்த எல்லைக்கோடு எத்தனை இளங்கைகளுக்காக வரையப்பட்டது என்பதை அறிவர்.

ஆதலின் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே. ஆங்கில அகராதியைத் திறக்கும் முன் தமிழில் நான்கு வினாக்களை எழுப்புங்கள். இக்காலம் ஒரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணப்படுகிறதா? இதற்குக் கெடு உண்டா? இது மீண்டும் வருமா? அன்றி நீளத்தை மட்டும் சொல்கிறோமா? விடை தெரிந்தால் சொல் தானே வந்து நிற்கும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்தவர் தொல்காப்பியர். ஆண்டைக் கார், கூதிர் முதலாய ஆறு பெரும்பொழுதாகவும், நாளை வைகறை, எற்பாடு முதலாய சிறுபொழுதாகவும் பகுத்த மரபு நம்முடையது. பொழுது, வேளை, பருவம், தவணை, கெடு, ஊழி எனச் சொற்கள் நம்மிடம் நிறைந்துள்ளன. அவற்றை உரிய இடத்தில் வழங்கப் பழகியவர் ஆங்கிலத்திலும் பிழைபட எழுதார்.

அன்று அந்த மாணாக்கர் 'ஈரா'வை அடித்துவிட்டுப் 'பீரியட்' என்று எழுதினார். "எனக்கு அது ஒரு சகாப்தமாகத்தான் இருந்தது, ஐயா" என்றும் சொன்னார். அச்சக வேலையின் அருமை அறிந்த நாம் அதை மறுக்கவில்லை. விண்ணப்பத்தில் மட்டும் அச்சொல் வேண்டாம் என்றோம்.