வாட்ச்சில் நாடித்துடிப்பு 42... மாரத்தான் ஓடுபவர்கள் பயப்படணுமா?

மாரத்தான் பயிற்சியில் ஒன்றிரண்டு வருடம் ஓட்டியவர்கள் பலருக்கு இது பழக்கமான காட்சி. காலையில் எழுந்ததும் ஸ்மார்ட்வாட்ச்சைப் பார்த்தால் நாடித்துடிப்பு 45, சிலருக்கு 40-ஐ ஒட்டி. 60 முதல் 100 வரைதான் நார்மல் என்று படித்திருக்கிறோம். ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் இ.சி.ஜி. எடுத்தால் சில நேரம் மெஷினே 'அப்நார்மல்' என்று அச்சடித்துத் தருகிறது. அப்போ இது நோயா, ஃபிட்னஸா?

பெரும்பாலும் ஃபிட்னஸ்தான். ஆனால் அந்த 'பெரும்பாலும்' முக்கியம்.

துடிப்பு ஏன் குறைகிறது?

இதயத்தின் வலது மேல் அறையில் இருக்கும் 'சைனஸ் நோட்' என்ற சின்னத் திசுதான் நம் இயற்கையான பேஸ்மேக்கர். ஒவ்வொரு துடிப்புக்குமான மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. வேகஸ் நரம்பு பிரேக் போட்டு அதை அடக்குவதால்தான் ஓடுபவர்களுக்குத் துடிப்பு குறைகிறது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது.

2014-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்க் பாயெட் குழு எலிகளை வைத்து இதைச் சோதித்தது. நரம்புகளின் பிடியை மருந்தால் தடுத்த பிறகும், பயிற்சி பெற்ற எலிகளின் துடிப்பு குறைவாகவே இருந்தது. சைனஸ் நோட் செல்களில் மின்னூட்டத்தை உள்ளே விடும் ஒருவகை வாயில்களே எண்ணிக்கையில் குறைந்திருந்தன. அதாவது பிரேக் மட்டுமல்ல, எஞ்சினே மாறுகிறது. நரம்பின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இ.சி.ஜி.யில் எது ஓகே, எது இல்லை?

விளையாட்டு வீரர்களின் இ.சி.ஜி.யைப் படிக்க 2017-ல் சர்வதேச வழிகாட்டுதல் வெளியானது. மெதுவான துடிப்பு, மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு சிக்னல் கொஞ்சம் தாமதமாகப் போவது, இவையெல்லாம் அதில் நார்மல் லிஸ்ட்டில் இருக்கின்றன. சாதாரண ஆளுக்கு டாக்டரை யோசிக்க வைக்கும் விஷயங்கள்தான்.

ஆனால் பக்கவாட்டு லீடுகளில் டி அலை தலைகீழாக இருந்தால், எஸ்.டி. பகுதி கீழே இறங்கியிருந்தால், அதை ஓட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. எக்கோ உள்ளிட்ட மேல் பரிசோதனை கட்டாயம்.

வருடக்கணக்கில் ஓடினால்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஸ்வீடனில் 'வாசாலோபெட்' என்ற 90 கி.மீ. பனிச்சறுக்குப் போட்டி நடக்கிறது. ஓட்டம் இல்லைதான், ஆனால் இதயத்துக்கு அதே மாதிரி மணிக்கணக்கான உழைப்பு. அதில் பங்கேற்ற 52,755 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2013-ல் வெளியாயின. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முறை முடித்தவர்களுக்கு, ஒரே ஒரு முறை முடித்தவர்களைவிட இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். அதில் முக்கியமானது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மேல் அறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவது. வருடக்கணக்கில் மேல் அறைகள் விரிவதும் மெதுவான துடிப்பும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

உடனே ஷூவைக் கழற்ற வேண்டாம். அதே போட்டியாளர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்ட 2019 ஆய்வில், பெண்களுக்கு இந்தக் கோளாறு குறைவாகவே இருந்தது. பக்கவாதம் ஆண், பெண் இருவருக்குமே குறைவு.

ஓடும்போதே விழுபவர்கள்?

செய்தியில் வருவது இவர்கள்தான். அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை மாரத்தான், அரை மாரத்தான் முடித்த சுமார் 2.9 கோடி பேரில் 176 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது என்கிறது 2025-ல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வு. காரணம் தெரிந்தவர்களில் முதலிடம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு. 42 என்ற துடிப்பு ரத்தக்குழாய்க்குச் சான்றிதழ் இல்லை என்பதை நாற்பதைத் தாண்டியவர்கள் குறிப்பாகக் கவனிக்கணும்.

முந்தைய பத்தாண்டில் இப்படி விழுந்தவர்களில் 71 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த முறை 34 சதவீதம். பாதையில் உடனே கிடைத்த சி.பி.ஆரும், ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியும்தான் பெரிய வித்தியாசம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கம், நெஞ்சு இறுக்கம், தாறுமாறான படபடப்பு, திடீரென்று காரணமே இல்லாமல் வேகம் குறைவது, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் 'நான் ரன்னர், எனக்கு இது சகஜம்' என்று தள்ளிப்போடக் கூடாது. இ.சி.ஜி. எடுக்கும் முன்பே வாரத்துக்கு எத்தனை கி.மீ., எத்தனை வருடமாக ஓடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் படித்தால் நார்மல் இ.சி.ஜி.யும் கோளாறாகத் தெரியலாம்.