கேழ்வரகும் கோதுமையும்: பெங்களூர் வட்டாரம் கற்பிக்கும் பாடம்

மக்கள் எந்தத் தானியத்தை உண்கின்றனர் என்பதை நிலமும் மழையும் மட்டும் தீர்மானிப்பதில்லை. போர், பஞ்சம், அரசாங்கக் கொள்முதல், கடைத்தெருவின் வசதி ஆகியவற்றுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பெங்களூரும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் இவ்வுண்மைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வட்டாரத்தில் செம்மண் நிலமே மிகுதி. பருவமழையை நம்பியே மானாவாரிச் சாகுபடி நடைபெறுகிறது. கோதுமைக்கோ குளிர்ந்த பருவமும், ஈரத்தைக் காத்து வைக்கும் கரிசல் மண் அல்லது பாசன வசதியும் தேவை. ஆதலின் கர்நாடகத்தில் கோதுமை பெரும்பாலும் வட மாவட்டங்களிலேயே விளைகிறது. தென் மாவட்டங்களின் பயிர், தமிழில் கேழ்வரகு என்றும் கேப்பை என்றும் வழங்கும் ராகியே. இடையில் மழை சில நாள் தவறினாலும் இப்பயிர் ஓரளவு தாங்கி நிற்கும். தானியம் நெடுநாள் கெடாமலிருக்கும். அறுவடைக்குப் பின் எஞ்சும் தட்டை கறவை மாடுகளுக்கு நல்ல தீவனமாகும்.

இவ்வாறிருக்கக் கோதுமை பெங்களூரின் அடுக்களைக்குள் புகுந்தது எப்படி? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது கோதுமை ரவையைக் கொண்டு இட்டிலி செய்து பார்த்ததே இன்றைய ரவா இட்டிலியின் தோற்றம் என்று பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் கூறுகின்றனர். 1956-இல் அமெரிக்காவுடன் பி.எல். 480 உடன்படிக்கை ஏற்பட்டபின், கப்பல் கப்பலாக வந்த கோதுமை ரேஷன் கடைகளின் வழியே நாடெங்கும் பரவியது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. வடநாட்டில் விளைச்சல் பெருகியது. காலப்போக்கில் இறக்குமதியை நம்பியிருக்கும் நிலை நீங்கியது. பஞ்சத்திலிருந்து மக்களைக் காத்த இத்தானியத்தைக் குறை கூறுவது நன்றி மறந்த செயலாகும். ஆயினும், அரசாங்கம் கோதுமைக்கும் நெல்லுக்கும் காட்டிய அதே ஊக்கத்தைக் கேழ்வரகுக்குக் காட்டவில்லை என்பதையும் சொல்லியே ஆகவேண்டும்.

நல்ல விதை இல்லாமையால் கேழ்வரகு பின்தங்கியது என்று கூறுதல் பொருந்தாது. கேழ்வரகின் பூக்கள் மிகச் சிறியவை. தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்பவை. ஆதலின் கையால் ஒட்டுச் சேர்ப்பது கடினமான வேலை. அவ்வேலையில் மண்டியா வி.சி. பண்ணையில் பல ஆண்டுகள் உழைத்தவர் டாக்டர் லட்சுமணய்யா. ஆப்பிரிக்க ரகங்களையும் இந்திய ரகங்களையும் இணைத்து அவர் உருவாக்கிய 'இண்டாப்' ரகங்கள் விளைச்சலைக் கணிசமாக உயர்த்தின. 1964-இல் பெங்களூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. குலைநோயை எதிர்த்து நிற்கும் ஜி.பி.யூ. 28 போன்ற ரகங்கள் பின்னர் அங்கிருந்து வெளிவந்தன. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்தே வந்திருக்கிறது.

இனி, சத்தைப் பற்றிய செய்தி. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. முழுக் கோதுமை மாவில் இது சுமார் 31 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. இவ்வளவில் கேழ்வரகுக்கு இணையில்லை. புரதத்திலோ நிலைமை வேறு. கோதுமை மாவில் 10 கிராமுக்கு மேல் இருக்க, கேழ்வரகில் சுமார் 7 கிராமே உள்ளது. இதை மறைத்துக் கேழ்வரகைச் சர்வரோக நிவாரணியாக விளம்பரம் செய்வது விஞ்ஞானத்திற்கும் அழகன்று, பயிருக்கும் நன்மையன்று.

இக்குறையைப் பழைய விவசாயி தன் வயலிலேயே நிறைவு செய்திருந்தான். எட்டு அல்லது பத்து வரிசை கேழ்வரகுக்கு இடையே ஓரிரு வரிசை அவரையோ துவரையோ விதைப்பது இவ்வட்டாரத்து வழக்கம். கன்னடத்தில் இதனை 'அக்கடி சாலு' என்பர். தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. ஆகவே களியும் அவரைக் குழம்பும் ஒரே தட்டில் சேரும்பொழுது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. பருப்பு வகைகளின் வேர் முடிச்சுகள் மண்ணிற்குத் தழைச்சத்தையும் சேர்க்கின்றன. மழை ஒரு பயிரைக் கெடுத்தாலும் மற்றது ஓரளவேனும் கைகொடுக்கும். கேழ்வரகு குறையும் வயலில், அதனுடன் விளைந்த பருப்பும் தட்டையும் சேர்ந்தே குறைகின்றன என்பதுதான் கவலைக்குரியது.

அண்மைக் காலத்தில் சிறுதானியங்களுக்குப் புகழ் வந்திருக்கிறது. 2018-ஐ இந்திய அரசும், 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபையும் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடின. நகரக் கடைகளில் கேழ்வரகு பிஸ்கட்டுகளும் சேமியாவும் வண்ண வண்ண உறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் இவற்றை வாங்கும் வசதி படைத்தோருக்குச் சுண்ணாம்புச் சத்து பாலிலும் தயிரிலும் கிடைத்துவிடும். அச்சத்து மிகவும் தேவைப்படும் குழந்தையின் வீட்டிற்கோ ரேஷனில் பெரும்பாலும் அரிசியே இலவசமாக வருகிறது. 2024-25-ஆம் ஆண்டிற்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, குவிண்டாலுக்கு நெல்லுக்கு 2,300 ரூபாய். கேழ்வரகுக்கு 4,290 ரூபாய். விலை நல்ல விலையே. எனினும் கொள்முதலுக்கு வரம்பு வைக்கப்படும்பொழுது, எஞ்சிய தானியத்தை விவசாயி வியாபாரி கேட்கும் விலைக்கே விற்க நேரிடுகிறது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கொள்முதல் செய்த கேழ்வரகு, அதை உண்ணும் வழக்கமுள்ள மாவட்டங்களின் ரேஷன் கடைகளுக்கு ஆண்டு முழுவதும் தவறாமல் செல்லவேண்டும். இரண்டாவது, களப்பணியாளர்கள் கேழ்வரகு விதையை மட்டும் கொடுத்து அமையாமல், அவரை, துவரை விதைகளையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்; செயல் விளக்கப் பாத்திகளில் ஊடுபயிர் வரிசைகளைக் காட்டவேண்டும். மூன்றாவது, பள்ளி உணவு. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசுப் பள்ளிகளில் பாலுடன் கேழ்வரகு மாவு கலந்த பானம் வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. இது நல்ல தொடக்கம். பானத்தோடு நில்லாமல், பருப்புக் குழம்புடன் கூடிய களியாகவோ அடையாகவோ மதிய உணவிலும் அது இடம்பெறவேண்டும்.

ஆசிரியர்களின் பணி இதிற் சிறிதன்று. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால், சத்துகளை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருள் குறைகிறது. இதனை ஒரு பிடி தானியமும் ஈரத்துணியும் கொண்டு வகுப்பறையிலேயே முளைகட்டிக் காட்டி விளக்கலாம். கேழ்வரகு மாவு ரொட்டியாக உப்பாதது ஏன், கோதுமை மாவு உப்புவது ஏன் என்று வினவி, குளூட்டன் என்னும் புரதத்தைப் பற்றியும் கற்பிக்கலாம். இவ்வாறு கற்ற மாணவன் எந்தத் தானியத்தையும் இழிவாகவும் கருதமாட்டான். எதையும் மருந்தென்று மயங்கவுமாட்டான்.

கோதுமை வந்த காலத்தில் அது பசியைத் தீர்த்தது. அதனால் கேழ்வரகு வயலை விட்டு வெளியேறவேண்டிய அவசியமில்லை. இரண்டும் தத்தம் மண்ணில் விளைந்து ஒரே வீட்டில் உணவாகலாம். கொள்முதலும் பங்கீடும் பள்ளி உணவும் அதற்கு வழி செய்யுமாயின், விழா ஆண்டுகளின் துணையின்றியே கேழ்வரகு நிலைத்து நிற்கும்.