நல்ல பட்டு மினுமினுக்காது

இணையத்தில் காஞ்சிபுரம் பட்டு விற்கும் பக்கங்களைப் புரட்டினால் போதும், 'ஷிம்மரிங் சில்க்' என்ற சொல் வரிசையாக வந்து நிற்கும். அது இல்லாத இடத்தில் 'க்ளிட்டரிங்'. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்திருக்கும் எந்த நெசவாளியும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நல்ல பட்டு மினுமினுக்காது. மினுமினுத்தால் புரட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு ஜவுளிக்கடைக்கு இந்த ஆங்கில வர்ணனைகளை எழுதிக் கொடுக்கிறாள். "மாமா, ஷைனிங் ஷைனிங்னு எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு. வேற வார்த்தை இருந்தா சொல்லுங்களேன்" என்று வந்தாள். இருக்கிறதாவது! ஷீன், லஸ்டர், க்ளோ, க்ளீம், க்ளின்ட், க்ளிம்மர், ஷிம்மர் என்று கொட்டிக் கிடக்கிறது. ஒன்று இல்லாத இடத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் தப்பு. வெளிச்சம் பொருளுக்குள்ளிருந்து வருகிறதா, மேலே பட்டுத் திரும்புகிறதா, அசையாமல் நிற்கிறதா, ஆடுகிறதா என்று பார்த்தால் எந்தச் சொல் என்பது தெரிந்துவிடும். பார்ப்பதற்கு இந்த ஊரைவிட வசதியான இடம் கிடையாது.

பட்டின் உடலுக்கு உரிய சொல் ஷீன். மேற்பரப்பில் சன்னமாகப் படிந்து நிற்கும் பளபளப்பு அது. கூட்டிலிருந்து எடுத்த கச்சாப் பட்டில் இது தெரியாது. செரிசின் என்ற பசை இழையைப் போர்த்தியிருக்கும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அந்தப் பசையைப் போக்குவார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு அதோடு போய்விடும், பளபளப்பு அதற்கப்புறம்தான் வெளியே வரும். இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணம். வெளிச்சம் அந்த முகங்களில் பட்டுப் பல கோணங்களில் திரும்புவதால் கண்ணைக் குத்துவதில்லை. இதைப் பார்த்து பாலியஸ்டரையும் முக்கோணமாக இழுக்கிறார்கள். அதில் வருவது மினுக்கு. கல்யாண வீடியோக்காரர் லைட்டைத் திருப்பினதும் யார் கட்டியிருப்பது எது என்று தெரிந்துபோகும். சொல்லிக் காட்டக்கூடாது, அவ்வளவுதான்.

ஷிம்மர் என்பதில் அசைவு இருக்கிறது. வரதராஜர் கோயில் அனந்தசரஸில் காற்றடிக்கும்போது வெயில் நெளிகிறதே, அது ஷிம்மர். 2019-இல் அத்திவரதரை வெளியே எடுத்து 48 நாள் வைத்திருந்து மறுபடி கொண்டுபோய் வைத்த அதே குளம். சேலையில் ஷிம்மருக்குக் கிட்டத்தட்ட வருவது ஒன்றே ஒன்று: டபுள் ஷேட். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில்கழுத்து. மடிப்பைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பினால் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இரண்டும் இடம் மாறும். இதற்கு ஆங்கிலத் துணிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷாட் சில்க்'. மயில்கழுத்து என்று சொன்ன வாய்க்கு அது ருசிக்காது. நான் அவளிடம், அந்தச் சேலைக்கு மட்டும் தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் போடச் சொல்லிவிட்டேன்.

சரிகை விஷயம் வேறு. சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் தகடாக்கிய வெள்ளியைச் சுற்றி, தங்க முலாம் பூசுவது அசல் சரிகை. உள்ளே சிவப்பு இருப்பதால் மேலே தங்கம் கொஞ்சம் கனிந்து தெரியும். அது க்ளீம். நடக்கும்போது முந்தியின் ஓரம் ஒரு கணம் வெட்டிக் காட்டுமே, அது க்ளின்ட். க்ளிட்டர், பிளாஸ்டிக் ஜரிகைக்கு. பாட்டியின் கூரைப்புடவையில் வெள்ளி கறுத்து, முலாம் தேய்ந்து, அடங்கிப்போன ஒரு நிறம் இருக்கும். அந்த அழகுக்கு எழுபது வயசாவது ஆகவேண்டும். கடைக்காரர் அதை எழுதி விற்க முடியாது.

க்ளோ பற்றி அவள் கேட்டபோது கடைப் பக்கமே போகாமல் தூப்புலுக்கு அழைத்துப் போனேன். க்ளோ உள்ளிருந்து வரும் வெளிச்சம். கனலுக்கும் விளக்குக்கும் உரியது. 1268-இல் வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புலில் இருப்பவர் விளக்கொளிப் பெருமாள். பிரம்மாவின் யாகத்தைக் கெடுக்கச் சரஸ்வதி உலகத்தை இருட்டாக்கினாள், பெருமாள் ஒளியாக வந்து நின்றார் என்பது தலக்கதை. இவ்வளவு பெரிய இருட்டைப் போக்க வந்தவருக்கு ஊர் வைத்த பெயர் விளக்கின் பெயர், சூரியனைக் கூப்பிடவில்லை. அந்தத் தலத்தின் பழைய பெயர் திருத்தண்கா, குளிர்ந்த சோலை. ஏகாம்பரநாதர் கோயிலுக்குள்ளேயே இன்னொரு பெருமாள் இருக்கிறார், நிலாத்திங்கள் துண்டத்தான். சிவன் கோயிலுக்குள் திவ்யதேசமா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். மாமரத்தடியில் தவமிருந்த அம்பாளைச் சோதனையின் வெம்மை தாக்கியபோது நிலவின் தண்மையால் காத்தவர் என்று அவர் கதை. கண் கூசாத வெளிச்சத்தின் பெயரில் இரண்டு பெருமாள், ஒரே ஊரில்! இப்போது சன்னதிக்குச் சன்னதி எல்.இ.டி. பட்டையை ஒட்டிவைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனாள். அவளுக்குப் பிடித்துப்போனது நான் போகிறபோக்கில் சொன்ன 'மியூட்டட்'. அடங்கிய, அமரிக்கையான ஒளி. ஓர் அரக்கு நிறச் சேலைக்கு 'மியூட்டட் ஷீன்' என்று எழுதினாள். சொல் அச்சாகப் பொருந்தியது. இரண்டாம் நாள் வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டு, "சாயம் போன பீஸா? எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். முதலாளி அன்று சாயங்காலமே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ரிச் லுக்' என்று போடச் சொன்னார். சேலை அந்த வாரமே விற்றுவிட்டது, குறைக்காத விலைக்கு.