ஒரே ஒரு எழுத்துப் பிழை!

ஊட்டின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் ஃப்ரெண்ட்ஸ்? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட்... மருத்துவ உலகத்துக்கு நீலகிரி வேற ஒரு விஷயத்துக்காக ஞாபகம் இருக்கு.

1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்பட்ட 'சிக்கிள் செல்' என்ற அரிவாள் வடிவ ரத்த அணு, நம் ஊரிலும் இருப்பது அப்போதுதான் தெரிய வந்தது.

அதென்ன அரிவாள்? 'பாட்டு'ன்னு எழுதப் போய் ஒரு எழுத்து மாறி 'பூட்டு' ஆயிட்டா எப்படி இருக்கும்? அதே கதைதான். ஹீமோகுளோபின் தயாரிக்கும் ஜீனில் 'ஏ' இருக்க வேண்டிய ஓர் இடத்தில் 'டி' வந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிழை! அதனால் அந்தப் புரதத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டையான அணுவை அரிவாளாக வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களை நிஜமாகவே பூட்டிவிடும். விளைவு, உயிர் போகிற வலி. 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாளிலேயே உடைவதால் ரத்தசோகை வேறு.

இதில் முதலில் அடி வாங்குவது மண்ணீரல். ரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டிப் பிடிக்கும் செக்போஸ்ட் அது. அடைப்பு ஏற்பட்டு ஏற்பட்டு, சின்ன வயதிலேயே அது செயலிழந்துவிடுகிறது. அப்புறம் சாதாரண நிமோனியாகூட ஆளைச் சாய்த்துவிடலாம். தடுப்பூசி, பென்சிலின், ஹைட்ராக்சியூரியா எல்லாம் சரியான நேரத்தில் கிடைத்தால் நிலைமை எவ்வளவோ மாறும்.

இவ்வளவு மோசமான பிழை ஏன் அழிஞ்சு போகலை? காரணம், மலேரியா! அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழை வந்தால் நீங்கள் 'கேரியர்'. பொதுவாக நோய் இருக்காது. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இதை 1954-ல் ஆந்தனி ஆலிசன் எடுத்துக்காட்டினார். மலேரியா ஆட்டம் போட்ட காட்டுப் பகுதிகளில் அந்தப் பிழைதான் பல உயிர்களைக் காப்பாற்றியது.

இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொண்டால்தான் சிக்கல். ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 'முதல் குழந்தைக்கு வந்துடுச்சு, இனி மூணுக்கு வராது'ன்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு முறையும் புதுசா காயின் சுண்டுற மாதிரிதான். ஒரு எளிய ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு, 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

உங்க கிளாஸிலும் ஒருத்தர் இருக்கலாம். அடிக்கடி லீவு, 'கை கால் வலிக்குதுடா' என்ற புலம்பல், லேசா மஞ்சள் படிந்த கண். 'சும்மா ஓபி அடிக்கிறான்'னு கலாய்க்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நோய் இருக்குன்னு தெரிந்த நண்பரோடு ஊட்டி டூர் போறீங்களா? முதலில் அவர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. குளிரும் உடம்பில் தண்ணீர் குறைவதும் வலியைக் கிளப்பிவிடும். ஸ்வெட்டரும் தண்ணி பாட்டிலும் கட்டாயம் இருக்கட்டும்!