தடுக்க முடியாத பொறி

சுவிட்சு விலகும்போது பளிச்சென்று தெறிக்கும் பொறி, அதிலுள்ள உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். 1943-ல், போருக்கு நடுவே, சோவியத் விஞ்ஞானிகளான போரிஸ் லசரென்கோவும் அவர் மனைவி நடாலியாவும் இந்த அரிப்பை ஆராய்ந்தார்கள். எண்ணெயில் மூழ்கவைத்தும் அரிப்பு நிற்கவில்லை. ஆனால், பொறி சீராக விழுந்தது. தடுக்க முடியாததை வேலை வாங்கினால் என்ன? பொறியாலேயே உலோகம் வெட்டும் இயந்திரம் பிறந்தது.

அவர்கள் அமைத்த சுற்று எளிமையானது: டி.சி. மின்சாரம், ஒரு மின்தடை, ஒரு கெப்பாசிட்டர். அதனால் வீட்டுப் பட்டறையிலும் ஆர்வலர்கள் இதைச் செய்துபார்க்கிறார்கள். மரை போடும்போது துளைக்குள் ஒடிந்து மாட்டிக்கொள்ளும் டேப், சாதாரண டிரில்லுக்கு மசியாது. செம்புக் கம்பியை மயிரிழை இடைவெளியில் நிறுத்தினால், பொறி அதை மெல்ல அரித்து எடுத்துவிடும்.

ஆனால், கவனம் வேண்டும். பொறி விழும் இடம் மண்ணெண்ணெயில் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். மேல்மட்டத்துக்கு வந்தால் தீப்பிடிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டில் யாராவது இதைச் செய்ய உட்கார்ந்தால், அதை முழுதாக வடித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பானும் இருக்கட்டும்.